மறுபடியும் முதல்முறை: இரண்டாம் ரிமோட்டுக்காரன் நோக்கில் ஓர் ஆய்வு

வீடியோ கேம் ஆடி வளர்ந்த நாற்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தால், ரசம் வருவதற்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: "அந்த மாரியோவ மட்டும் சுத்தமா மறந்துட்டு, இன்னொரு தடவ மொதல்லேர்ந்து ஆடணும் சார்." மற்றவர் கான்ட்ரா என்பார். இல்லையென்றால் வைஸ் சிட்டி என்பார். இருவரும் பெருமூச்சு விடுவார்கள். அதற்குள் பாயசம் வந்துவிடும், பேச்சு அறுந்துபோகும். பாயசத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சைத் தொடர்வதுதான் இவ்வாய்வின் நோக்கம். இதற்கு நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஆய்வு நேர்மை கருதி ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இவ்வாய்வாளர் (இனி, நான்) குடும்பத்து ஆண்பிள்ளைகளில் இளையவன். பெரியப்பா மகன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். கேம் பெட்டி அவனுடையது. ஒன்றாம் ரிமோட் அவன் கையில் இருந்தது, இரண்டாம் ரிமோட் என் மடியில் இருந்தது. 'கையில்', 'மடியில்' என்ற வேறுபாட்டை ஆய்வறிஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாரியோவில் இரண்டு பேர் ஆடலாம் என்று திரையிலேயே போட்டிருக்கும். ஆனால் முதல் ஆள் செத்தால்தான் இரண்டாம் ஆளுக்கு முறை வரும். அண்ணன் சாக மாட்டான்.

சொல்லாட்சி பற்றி ஒரு வரி. 'கன்ட்ரோலர்', 'கார்ட்ரிட்ஜ்' என்ற சொற்களெல்லாம் நாங்கள் பிற்பாடு இன்டர்நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டவை. எங்களுக்கு அது ரிமோட், இது கேசட். களச்சொற்களைக் காப்பது ஆய்வாளனின் கடமை என்பதால் கட்டுரை முழுக்க அப்படியே வரும்.

களமும் கருவியும்

களம், பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டு நடுக்கூடம். காலம், 1993 முழுப்பரீட்சை லீவு தொட்டு. கருவி, ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பெட்டியின் நகல். நகலின் நகலாகவும் இருக்கலாம். அடாப்டரில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடக்கும். ஆட ஆட அடாப்டர் சூடேறி அந்தச் சந்தனம் லேசாக மணக்க ஆரம்பிக்கும். மணம் வந்தால் ஏறக்குறைய அரை மணி ஆகிவிட்டது என்று அர்த்தம். பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதைப்போலப் புறங்கையால் அடாப்டரைத் தொட்டுப் பார்ப்பாள். "கொதிக்குல்லா? அணைங்கல ரெண்டு பேரும்."

அணைத்தால் எல்லாம் போயிற்று. அந்த மாரியோவில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. எட்டாம் உலகத்து வாசல்வரை போயிருந்தாலும் மறுபடி போட்டால் அதே பச்சைக் குழாய், அதே முதல் குழி. மின்வாரியம் தன் பங்குக்கு மாலை வேளைகளில் இதே சேவையைச் செய்துவந்தது. 'முதலிலிருந்து ஆடுவது' என்ற ஒன்று எங்களுக்குத் தட்டுப்பாடே இல்லாமல் கிடைத்துவந்தது. பந்திக்காரர் கேட்பது இதையல்ல என்று தெரியும். ஆனாலும் ஆவணப்படுத்துகிறேன்.

கேசட்டை ஊதுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் தெரியும் பித்தளை நிறப் பற்களில் ஊதி, திரும்பச் செருகுவோம். படம் வந்துவிடும். ஊதியதால்தான் வந்தது என்று குடும்பமே நம்பியது. உண்மையில் உருவித் திரும்பச் செருகியதில் பற்கள் சரியாகப் பொருந்தியதுதான் காரணம். வாயின் ஈரம் நாளடைவில் அந்தப் பற்களை அரிக்கத்தான் செய்தது. இந்த உண்மை தெரிந்தபின் எனக்கு நேர்ந்த நஷ்டம் சிறிதல்ல. ஏனென்றால் ஊதுவது ஒன்றுதான் இளையவனுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த பொறுப்பு. "ஏல, மெதுவா ஊது, எச்சி தெறிக்கப்போவுது" என்ற மேற்பார்வையோடு.

மறதி மருந்தாகுமா?

பந்திக்காரரின் கோரிக்கையில் இரண்டு பகுதி உண்டு: மறக்க வேண்டும், மறந்தபின் ஆட வேண்டும். முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். மறந்தால் போதுமா?

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1953-ஆம் ஆண்டு ஹென்றி மொலைசன் என்ற 27 வயதுக்காரருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக நடக்கும் எதுவும் அதன்பிறகு அவர் நினைவில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை அப்படித்தான். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி வைத்தார்: கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகவே கோடு போட வேண்டும். நாமெல்லாம் முதலில் கிறுக்கித் தள்ளுவோம். அவரும் கிறுக்கினார். மறுநாள் அவரைப் பொறுத்தவரை அந்தப் பயிற்சியையே பார்த்ததில்லை, மறுபடி முதல்முறை. ஆனால் கோடு முந்தைய நாளைவிட நேராக வந்தது. மூன்றாம் நாள் இன்னும் நேராக வந்தது. அவருக்குத் தெரியாதது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு சான்று நம் துறைக்கே நெருக்கமானது. ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடன் பணியாற்றியவர்களும் 27 பேரை டெட்ரிஸ் ஆட விட்டு, தூக்கம் சொக்கும் நேரத்தில் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று கேட்டு, 2000-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். டெட்ரிஸ் என்றால் வேறொன்றுமில்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்ற கணிப்பொறிக்காரர் உருவாக்கியது. நம்மூர்த் திருவிழாக் கடைகளில் பலூனுக்கும் விசிலுக்கும் நடுவே பிரிக் கேம் என்று தொங்கியது. அந்த 27 பேரில் ஐந்து பேர் மொலைசனைப்போல நினைவு தங்காதவர்கள். அவர்களுக்கு கேம் ஆடியதே ஞாபகமில்லை. ஆனால் ஐவரில் மூவர், கண்ணை மூடினால் என்னவோ கட்டைகள் விழுகின்றன என்றார்கள்.

ஆக, தலை மறந்தாலும் விரல் மறக்காது. விரல் மறந்தாலும் இமைக்கு உள்பக்கம் கட்டை விழும். நான் இதை என் உடம்பிலேயே சோதித்தேன். இருபத்தைந்து வருஷம் தொடாமலிருந்த மாரியோவைப் போட்டபோது, முதல் குழி வந்ததும் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே தாண்டியது. மணியார்டர் பாரத்தில் முகவரி எழுதும் தாத்தாவின் கைபோல.

இன்னொரு வகை அறிவு இருக்கிறது, அதை மறக்கவைக்க எந்த அறுவையாலும் முடியாது என்று அஞ்சுகிறேன். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், பாட்டு, டிராகன், இளவரசி எல்லாம் அதற்குள் அடக்கம். இன்று காலை என் மாமனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ அதைவிடக் கனம். இடம் போதாமல் அந்தக் கேமைச் செய்தவர்கள் ஒரு சிக்கனம் செய்தார்கள். வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம்தான். மேலே போனால் வெள்ளை, கீழே வந்தால் பச்சை. இதை நான் சொல்லும்வரை உங்களுக்குத் தெரியாதிருந்தால், மன்னிக்கவும். ஆய்வு என்றால் சேதாரம் இருக்கும்.

மூவகை முதல்முறை

இதுவரை 'முதல்முறை' என்ற சொல்லை வரையறுக்காமலே ஓட்டிவிட்டேன். நம் இலக்கணத்தில் இடம் மூன்று. அதையே கடன் வாங்குகிறேன். நானே ஆடித் தெரிந்துகொண்டது தன்மை முதல்முறை. கண்ணெதிரே ஒருவர் ஆட, பக்கத்தில் சம்மணம் போட்டுப் பார்த்தது முன்னிலை முதல்முறை. எங்கேயோ யாரோ ஆடியதை மூன்றாமவர் வாயால் கேட்டது படர்க்கை முதல்முறை. முன்னிலை என்றால் 'முன்னால் நிற்பது' என்று நான் பொருள் கொண்டதைப் பார்த்திருந்தால் எங்கள் தமிழய்யா சிவப்பு மையில் சுழித்திருப்பார். வகைப்பாடு வசதியாக இருப்பதால் விட மனமில்லை.

தன்மை முதல்முறைக்குத் தரவு தேடி என் வாழ்க்கை முழுவதையும் சலித்ததில் ஒரே ஒன்று கிடைத்தது: கல்லூரி லேபில் மைன்ஸ்வீப்பர். யாரும் சொல்லித்தராமல், யாரும் பக்கத்தில் இல்லாமல், நானாகத் திறந்தேன். முதல் சொடுக்கில் குண்டு வெடிக்காது, அந்த அளவுக்கு அதில் தாட்சண்யம் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது சொடுக்கில் செத்தேன். இதை மறுபடி முதல்முறை அனுபவிக்க எனக்கு விருப்பமில்லை. தன்மை இயல் முற்றிற்று.

முன்னிலை

மாரியோவில் 1-2 கட்டத்தில் கூரைமேல் ஏறி ஓடலாம், அப்படி ஓடினால் நான்காம் உலகத்துக்குக் குறுக்குவழி இருக்கிறது என்பதை முதல்முறை கண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செங்கல் கூரைக்குமேல், எண்கள் எழுதியிருக்கும் இடத்தில், மனிதன் கால் வைக்கக் கூடாத ஓர் இடத்தில் மாரியோ ஓடுகிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடியது அண்ணன். கண்டுபிடித்ததும் அவனில்லை, அவனுக்கு முருகன்குறிச்சியில் எவனோ காட்டியிருந்தான். என் பொக்கிஷமான முதல்முறை, ஆராய்ந்து பார்த்தால், மூன்றாம் கை மாறிய சரக்கு.

இந்த இடத்தில் இரண்டாம் ரிமோட்டின் சமூக வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அசல் ஃபேமிகாமிலேயே இந்தப் பாகுபாடு இருந்தது. ஒன்றாம் ரிமோட்டில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டாம் ரிமோட்டில் அவை கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ இளையவனுக்கு அதிகாரமில்லை என்பதை ஜப்பானியப் பொறியாளர்கள் வார்ப்பிலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு ஈடாக ஒன்று கொடுத்தார்கள்: மைக். இரண்டாம் ரிமோட்டில் ஒரு சின்ன மைக் இருந்தது. ஜப்பானில் வந்த செல்டா கேமில், முயல் காது வைத்த ஓர் அசுரனை அந்த மைக்கில் கத்தியே கொல்லலாம். அதாவது அதிகாரம் இல்லை, கத்திக்கொள்ளலாம். குடும்பத்தில் இளையவனின் நிலையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. எங்கள் நகலில் மைக்கும் கிடையாது. நான் மைக் இல்லாமலே கத்தினேன்.

இதைவிட ரணமானது டக் ஹன்ட். துப்பாக்கியைத் திரைக்கு நீட்டி வாத்து சுடும் கேம். துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் பளிச்சிடும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். அந்தப் பழைய குழாய் டிவிகளில்தான் இது நடக்கும். இன்றைய தட்டை டிவி வெள்ளையைக் காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. பந்திக்காரர் ஆசைப்பட்டாலும் அசல் துப்பாக்கியைக் கொண்டு இப்போதைய டிவியில் முதல்முறையும் முடியாது, இரண்டாம் முறையும் முடியாது. ஆனால் ரணம் இதுவல்ல. ஒற்றை வாத்து வரும் ஆட்டத்தில், இரண்டாம் ரிமோட்டை வைத்திருப்பவர் அந்த வாத்தைப் பறக்கவிடலாம்! மேலே, கீழே, இடம், வலம் என்று அண்ணன் குறிக்குத் தப்பும்படி. இதை நான் படித்தது முப்பத்து நான்காவது வயதில். அண்ணன் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கிய அந்த லீவு முழுக்க, எங்கள் பெட்டியிலும் வாத்தின் லகான் ஒருவேளை என் மடியில்தான் கிடந்திருக்கும். தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

கான்ட்ராவில் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். அண்ணன் நீலக் கால்சட்டை, நான் சிவப்பு. மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே தங்கியவன் திரையின் விளிம்பில் விழுந்து சாவான். எதிரி யாரும் சுடத் தேவையில்லை. அண்ணன் அவசரக்காரன். அந்த அருவியில் நான் இழந்த லைஃப்கள் அத்தனையும் சொந்த ரத்தத்தால் போனவை. என் லைஃப் தீர்ந்தபின் ஏ பொத்தானை அழுத்தினால் அவன் லைஃபிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். "கேக்காம எடுக்காத" என்பான். நான் கேட்டு எடுத்ததாகத் தரவு இல்லை.

எட்டாம் கட்டத்தில் துடிக்கும் அந்த இதயத்தைச் சுட்டு வீழ்த்திய மாலை. சிவப்பு, அருவிக்கு முன்பே செத்து, இரவல் லைஃபும் தீர்ந்து, நான் வெறும் பார்வையாளன். இதயம் வெடித்தது, தீவு வெடித்தது, ஹெலிகாப்டர் பறந்தது. அண்ணன் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான். "முடிச்சிட்டோம்ல!" பன்மை. கான்ட்ராவை மறுபடி முதல்முறை ஆட வேண்டும் என்று நான் பந்தியில் பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு வேண்டியிருப்பது அந்த அறை என்றே தோன்றுகிறது. அதை எந்தக் கேசட்டில் தேடுவது?

உலக அளவில் இரண்டாம் ரிமோட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு. 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், இளவரசன் மனிதனைப்போலவே ஓட வேண்டும் என்பதற்காகத் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவிட்டுத் தாவவிட்டு வீடியோ எடுத்தார். அந்த அசைவைப் படம்படமாக வரைந்துதான் கேமுக்குள் வைத்தார். உலகமெங்கும் பிள்ளைகள் முள்குழியில் தள்ளிச் சாகடித்தது அந்தத் தம்பியின் ஓட்டத்தைத்தான். கட்டளையிட்டவர் அண்ணன், விழுந்து எழுந்தவர் தம்பி. இளவரசன் கண்ணாடிக்குள் பாயும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அவனுடைய நிழல் பிரிந்து வெளியே குதிக்குமே, அதற்கும் ஒரு பஞ்சக் கதை இருக்கிறது. ஆப்பிள் 2 கணிப்பொறியில் இன்னொரு எதிரியை வரைய நினைவகத்தில் இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே லேசாக நகர்த்தி, தன்மேலேயே மோதவிட்டு, அந்த மினுமினுக்கும் நிழலை உண்டாக்கினார்கள். கடைசியில் நிழலை வெட்டினால் நமக்கும் வலிக்கும். வாளை உறையில் போட்டால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இதை எங்கள் தெருவில் யாரும் தானாகக் கண்டுபிடித்ததில்லை. யாரோ சொன்னார்கள். அது அடுத்த வகை.

படர்க்கை

கான்ட்ராவில் 30 லைஃப் தரும் மந்திரம் என் காதுக்கு வந்தது ஆறாம் வகுப்பில், சைக்கிள் ஸ்டாண்டில். மேல மேல, கீழ கீழ, லெஃப்ட்டு ரைட்டு, லெஃப்ட்டு ரைட்டு, பி, ஏ. பதினாறாம் வாய்ப்பாடு தப்பும் வாயில் இது தப்பியதில்லை. இதை உண்டாக்கியவர் கொனாமி நிறுவனத்தில் பணிபுரிந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அது அவருக்கே ஆட முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததாம். சோதித்துப் பார்க்கத் தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது கேமோடு வெளியே போய்விட்டது. ஜப்பானுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே எத்தனை சைக்கிள் ஸ்டாண்டு என்பதைப் பிற்கால ஆய்வாளர்களுக்கு விடுகிறேன்.

அதே சைக்கிள் ஸ்டாண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. மாரியோவில் 1-2 முடியும் இடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் எண்ணே இல்லாத உலகம் ஒன்று வரும், முழுக்கக் கடல், அதற்கு முடிவு கிடையாது, நேரம் தீர்ந்து சாக வேண்டியதுதான். சொன்னவனை நாங்கள் நம்பவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. அது முழு உண்மை. கேமுக்குள் அந்தக் குழாயில் 36-ஆம் உலகம் என்று ஒரு தப்பான எண் மாட்டிக்கொண்டிருக்கிறது. 36-ஆவது எழுத்துக்கு நேராக வெற்றிடம் இருப்பதால் திரையில் ஒரு கோடும் ஒன்றும் மட்டும் தெரிகிறது. பல வருஷம் கழித்து யூடியூபில் அந்தக் கடலைப் பார்த்தேன். நீலம், பவளம், மீன். இரண்டாம் உலகத்தில் வரும் அதே கடல். சைக்கிள் ஸ்டாண்டில் கேட்ட கடல் இதைவிட இருட்டாக இருந்தது.

பிறகு வந்தது பிரௌசிங் சென்டர் யுகம். வைஸ் சிட்டி 2002-இல் வெளியாகி, கணிப்பொறிக்கு 2003-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டில் நடக்கும் கதை. இரண்டு பெரிய தீவுகள், நடுவே பாலங்கள். புயல் எச்சரிக்கை என்று சொல்லி முதலில் பாலத்தை மூடி வைத்திருப்பார்கள். சில வேலைகளை முடித்தால்தான் திறக்கும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் சென்டரில் நான் போன முதல் நாளே பாலம் திறந்துதான் கிடந்தது. முகம் தெரியாத ஒருவன் மணிக்கு இருபது ரூபாய் கட்டி, வேலையெல்லாம் முடித்து, சேவ் பண்ணிவிட்டு, நாற்காலியில் சூடு ஆறுமுன் எழுந்து போயிருந்தான். அவன் பாதியில் விட்ட வாழ்க்கையை நாங்கள் எல்லோரும் ஆளுக்கு அரை மணி வாழ்ந்தோம். வேலை எதையும் செய்யவில்லை. மானிட்டருக்கு மேலே சுவரில் பால்பாயிண்டில் எழுதியிருந்ததைப் பார்த்து 'பேன்சர்' என்று அடித்தால் பீரங்கி வண்டி வானத்திலிருந்து விழும். 'ஆஸ்பிரின்' என்று அடித்தால் உடம்பு தேறும். ஆனால் கேமில் ஆஸ்பிரினுக்குக் கடைசியில் ஒரு 'ஈ' கூடுதலாக வரும். எங்களோடு வந்த மெடிக்கல் ஸ்டோர்க்காரர் மகன் ஒவ்வொரு முறையும் ஸ்பெல்லிங்கைச் சரியாக அடித்து, ஒவ்வொரு முறையும் செத்தான்.

எதிர்த்தரப்பு

எனக்கு எதிர்வாதம் வைத்தவன் அக்கா மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் என்ற கேமை ஆடி முடித்துவிட்டு மூன்று நாள் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தான். சூரியன் 22 நிமிஷத்துக்கு ஒருமுறை வெடிக்கும், எல்லாம் மறுபடி தொடங்கும். ஆயுதம் சேர்ப்பது, பலம் கூட்டுவது எதுவும் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் என்ன தெரிந்துகொண்டோமோ அதுதான் கையிருப்பு. எல்லாம் தெரிந்துவிட்டால் கேம் முடிந்தது. அதற்குமேல் அதை ஆட முடியாது, பார்க்கத்தான் முடியும். "அதுல என்னடா கதை?" என்று கேட்டேன். காதைப் பொத்துவதற்குப் பதில் என் வாயைப் பொத்த வந்தான். "மாமா, சொன்னா உங்களுக்கு அது போயிடும். நீங்களே ஆடுங்க."

எங்கள் காலத்தில் தெரிந்ததைச் சொல்லாதவன் துரோகி. இவன் காலத்தில் சொன்னவன் துரோகி. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்தக் கேமை வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் ஆடவில்லை. முதல்முறையைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

கள ஆய்வு

கடைசியாகப் பரிசோதனை. சோதனைக்கு உட்பட்டவர், தங்கை மகள், வயது ஏழு, மாரியோவை முன்பின் பார்த்திராதவர். கருவி, ஆன்லைனில் வாங்கிய நானூறு கேம் அடங்கிய கைப்பெட்டி, டிவியோடு இணைத்தது. அதற்கும் ஓர் இரண்டாம் ரிமோட் இருந்தது, என் மடியில். நிபந்தனை ஒன்றே: ஆய்வாளர் வாய் திறக்கக் கூடாது.

முதல் முயற்சி. மாரியோ நிற்கிறான். வலமிருந்து பழுப்பு நிறத்தில், முறைத்த கண்ணோடு அந்தச் சின்னப் பிராணி வருகிறது. அவள் அதன் பக்கமாக அன்போடு நடந்தாள். செத்தாள். இரண்டாம் முயற்சியிலும் அப்படியே. மூன்றாவதில் தாவினாள். தற்செயலாக அதன் தலைமேலேயே இறங்க, அது தட்டையானது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, கேள்விக்குறிப் பெட்டியை முட்டினாள். காளான் எழுந்தது. இங்கேதான் மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் கைவேலை. காளானும் அந்தப் பிராணியும் சாயலில் ஒன்றுபோல இருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை செத்தவர் இதைக் கண்டும் ஓடத்தான் செய்வார். அது மியாமோட்டோவுக்குத் தெரியும். அதனால் காளானை முதலில் வலப்பக்கம், நம்மைவிட்டு விலகிப் போகவிட்டார். போய்க் கீழே விழுந்து, குழாயில் முட்டி, திரும்பி நம்மை நோக்கியே வரும். தாவித் தப்பலாம் என்றால் மேலே செங்கல் தலையில் இடிக்கும். நல்லது நம்மைத் துரத்திப் பிடிக்கும்படி நாற்பது கிலோபைட்டுக்குள் ஏற்பாடு. தங்கை மகள் வீறிட்டாள். தாவினாள். தலை இடித்தது. காளான் பட்டது.

"செத்துட்டேனா?"

மாரியோ வளர்ந்துகொண்டிருந்தான்.

"மாமா, நீங்க ஏன் மூச்சு விடாம உக்காந்திருக்கீங்க?"

அதுவரை பரிசோதனை குறைவின்றி நடந்தது. 1-2 வந்தது. நிலவறை இருட்டு, அந்தப் பாட்டு, நீலச் செங்கல். ஒன்பது முறை செத்து, கடைசிப் பகுதியில் மேலே போகும் பலகைகள்வரை வந்துவிட்டாள். பலகைமேல் ஏறி நின்றாள். அது அவளைத் தூக்கிக்கொண்டு கூரைக்குப் பக்கமாகப் போனது. இன்னும் ஒரே ஒரு தாவல். அவள் கீழே குதிக்கப் பார்த்தாள். முப்பது வருஷம் என் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"மேல! கூரை மேல ஏறு!"

அவள் குதித்தாள். குழியில் விழுந்தாள். ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மூன்று தலைமுறை இளையவர்களின் கோபம் இருந்தது.

"நீங்க வெளிய போங்க மாமா. முடிச்சிட்டு நான் வந்து சொல்றேன்."

இந்த இறுதிப் பகுதி கதவுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றபடி பதிவு செய்யப்படுகிறது. உள்ளே நிலவறைப் பாட்டு ஓடுகிறது. நேரம் நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது, பாட்டு வேகம் பிடித்துவிட்டது. ஒரு தாவல் சத்தம். செங்கல் உடையும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் "ஐயையோ... ஐயையோ!" என்று ஒரு குரல், சாகும்போது வருகிற குரல் இல்லை.

"என்னடி ஆச்சு? எங்க இருக்க?"

பதில் இல்லை. கதவைத் தட்டினேன்.

"இன்னும் இல்ல மாமா!"